குமரி மாவட்டத்தில் விளைநிலத்துக்கு நிலவரி விதிக்கப்படும் முறை: புல எண் தேடுவதிலிருந்து ரசீது பெறும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் வயலோ விளையோ (மேட்டு நிலத் தோப்பு) வாங்கியவர்களும் குடும்பச் சொத்தைப் பாகம் பிரித்துக்கொண்டவர்களும் கிராம நிர்வாக அலுவலரிடம் முதன்முறை செல்லும்போது கேட்பது, பெரும்பாலும், "என் நிலத்துக்கு எவ்வளவு வரி?" என்பதுதான். தொகை அநேகமாகச் சிறியதாகவே இருக்கும். ஆனால் அந்தத் தொகை எந்தப் பதிவிலிருந்து வந்தது, அந்தப் பதிவு தம்முடைய நிலத்தைத்தான் குறிக்கிறதா என்பதைப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருபவர்கள், பின்னர் வங்கிக் கடனுக்கோ பயிர் இழப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும் வேளையில் பழைய பிழைகளை எல்லாம் ஒரே நேரத்தில் சந்திக்கிறார்கள். எனவே இங்கே படிகள் வரிசையாகத் தரப்படுகின்றன. இந்த வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

1. எந்த வரியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

விளைநிலத்துக்கு உரியது நிலவரி. இதைத் தீர்வை என்றும் கிஸ்து என்றும் சொல்வதுண்டு. இதை விதிப்பதும் தண்டுவதும் வருவாய்த்துறை. கிராம அளவில் கிராம நிர்வாக அலுவலர், வட்ட அளவில் வட்டாட்சியர். வீட்டுக்கு உரியது வீட்டு வரி அல்லது சொத்து வரி. அதை விதிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகள். இரண்டுக்கும் அலுவலகம் வேறு, பதிவேடு வேறு, கணக்கிடும் அடிப்படையும் வேறு.

இந்த மாவட்டத்தில் வீடுகள் தனி மனைகளில் மட்டுமல்லாமல் தென்னந்தோப்புக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் நடுவிலேயே நிற்பதால், குழப்பம் இங்கே கூடுதல். ஐம்பது சென்ட் விளையில் ஒரு மூலையில் வீடு இருந்தால், வீட்டுக்கு உள்ளாட்சியின் வரியும், பதிவேட்டில் புஞ்சை என்று இருக்கும்வரை நிலத்துக்குத் தீர்வையும் உண்டு. வீட்டு வரி ரசீதைக் காட்டி "நிலவரி கட்டிவிட்டேன்" என்று சொல்பவர்கள் ஏராளம்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இப்போதே விலக்கிவிட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பயன்படும் வழிகாட்டி மதிப்புக்கும் நிலவரிக்கும் தொடர்பில்லை. நெடுஞ்சாலை ஓரத்து நிலத்தின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் தீர்வை அதனால் உயராது. நிலத்தின் வகை, மண்ணின் தரம், பாசன வசதி, பரப்பு ஆகியவையே தீர்வையை முடிவு செய்கின்றன.

2. அலுவலகத்துக்குச் செல்லுமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயருக்கு வந்த பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, இப்போதைய பட்டா, கிடைத்தால் பழைய தீர்வை ரசீதுகள் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுள் பழைய ரசீதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதில் உள்ள பட்டா எண்ணே, யாருடைய பெயரில் நிலம் கணக்கில் இருந்தது என்பதற்கு விரைவான தடயமாக அமைகிறது.

அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா நகலும், அ-பதிவேட்டின் (கிராமத்தின் ஒவ்வொரு புலத்துக்கும் வகை, பரப்பு, தீர்வை ஆகியவற்றைக் காட்டும் பதிவேடு) விவரமும், புலப்படமும் (புலத்தின் எல்லை வரைபடம்) கிடைக்கும். மூன்றையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். பட்டாவை மட்டும் எடுத்துச் செல்வது போதாது. பட்டாவில் பெயரும் பரப்பும் தீர்வையும் இருக்கும், ஆனால் அந்தத் தீர்வை எதன் அடிப்படையில் வந்தது என்பது அ-பதிவேட்டில்தான் இருக்கிறது.

வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்காக இருந்த வட்டங்கள் திருவட்டாறும் கிள்ளியூரும் சேர்ந்து ஆறாகிவிட்டன. பத்திரத்தில் விளவங்கோடு என்றிருக்கும் கிராமம் இப்போது கிள்ளியூர் வட்டத்திலும், கல்குளம் என்றிருப்பது திருவட்டாறு வட்டத்திலும் இருக்கக்கூடும். தளத்தில் கிராமத்தின் பெயரே வரவில்லை என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் பழைய வட்டத்தில் தேடியவர்களே.

3. பத்திரத்தின் புல எண்ணை இன்றைய புல எண்ணோடு பொருத்துங்கள்

இது மிகுந்த நேரம் பிடிக்கும் படி. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்ததால், அதற்கு முந்தைய பத்திரங்கள் திருவிதாங்கூர் முறையில் எழுதப்பட்டவை. பல பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுமுறையில், இருக்கும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும்: ஆகஸ்ட் நடுவில் தொடங்கி டிசம்பர் முடிய 824, ஜனவரியிலிருந்து 825. இந்தப் பத்திரங்களில் "நிலம்" என்று எழுதியிருந்தால் அது நெல்வயலையும், "புரையிடம்" என்று எழுதியிருந்தால் மேட்டு நிலத்தையும் குறிக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இன்றைய பதிவில் நஞ்சை, புஞ்சை என்று இருப்பதோடு ஒப்பிட எளிதாகும்.

பழைய சர்வே எண் வேறு, மறுநில அளவைக்குப் பின் வந்த எண் வேறு. அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்குத் தனிப் பத்தி உண்டு. அதில் உங்கள் பத்திரத்தின் எண் எந்தெந்தப் புதிய எண்களுக்கு எதிரே வருகிறது என்பதைப் பாருங்கள். ஒரு பழைய எண் நான்கைந்து புதிய எண்களாகப் பிரிந்திருப்பது இயல்பு. அப்போது நான்கெல்லையைக் கொண்டுதான் உங்கள் துண்டைக் கண்டறிய முடியும். புலப்படத்தை வைத்துக்கொண்டு, பத்திரத்தில் சொல்லப்பட்ட ஓடை, வரப்பு, வழிப்பாதை ஆகியவற்றோடு நிலத்தில் நின்றே ஒப்பிடுவது நல்லது.

நாகர்கோவில் போன்ற நகரப் பகுதியில் நகர நில அளவை நடந்திருந்தால் வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று முகவரியே மாறிவிடும். கிராமப் புல எண்ணைக் கொண்டு அங்கே தேடினால் பதிவு கிடைக்காது.

இந்தப் படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். பக்கத்து உட்பிரிவுக்கு ஆண்டுக்கணக்கில் தீர்வை கட்டி வந்தவர்களை இந்த மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் காணலாம்.

4. அ-பதிவேட்டில் உங்கள் புல எண்ணுக்குரிய பதிவைப் பத்தி பத்தியாகப் படியுங்கள்

தீர்வை முழுவதும் இந்த ஒரு பதிவிலிருந்தே பிறக்கிறது. பிற்பாடு எழும் தகராறுகள் எல்லாம், ஆராய்ந்து பார்த்தால், இதில் ஏதோ ஒரு பத்தி தவறாக இருக்கிறது என்பதில் போய் முடிகின்றன. ஆகவே "வரி தவறு" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பத்தி தவறு என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் நிலத்தின் உடைமை வகை: ரயத்துவாரியா (தனியாருக்குப் பட்டா உள்ள நிலம்), அரசு நிலமா என்பது ஓரெழுத்துக் குறியாக இருக்கும். அரசு நிலம் என்றோ புறம்போக்கு என்றோ இருந்தால், தீர்வை பற்றிய பேச்சுக்கே இடமில்லை. அது உரிமை பற்றிய வேறு விவகாரம்.

அடுத்தது நஞ்சை அல்லது புஞ்சை. இது நிலவரித் திட்டத்தின்போது, அதாவது நிலங்களைத் தரம் பிரித்துத் தீர்வை நிர்ணயித்த காலத்தில், முடிவு செய்யப்பட்ட வகைப்பாடு. இன்று நிலத்தில் நிற்கும் பயிர் அல்ல. ஏலாவில் (வயல்வெளியில்) நெல்லை விட்டுவிட்டு வாழையோ மரச்சீனியோ தென்னையோ வைத்தாலும் அது பதிவில் நஞ்சையாகவே தொடரும். மண் கொட்டி மேடாக்கிவிட்டால் புஞ்சை ஆகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை, அது தவறு. விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் உரிய அனுமதி வேண்டும், நஞ்சை என்றால் அந்த நடைமுறை இன்னும் கடுமையானது. லாரி மண்ணால் பதிவேடு மாறாது.

பிறகு பாசன ஆதாரம், ஒருபோகமா இருபோகமா என்ற குறிப்பு. இதன் பயன் ஆறாம் படியில் வருகிறது.

அதன் பின் மண் வயனமும் ரகமும், மண்ணின் தரம் என்று இரண்டு பத்திகள். முதலாவது இடைக்கோட்டால் பிரிந்த இரண்டு எண்களாக இருக்கும்: ஒன்று மண்ணின் வகை, மற்றது அந்த வகைக்குள் அதன் நிலை. இவற்றைக் கொண்டு தரம் முடிவாகிறது. தரத்துக்கு ஏற்ப ஹெக்டேருக்கு இத்தனை ரூபாய் என்ற விகிதம் அடுத்த பத்தியில் வருகிறது. தர எண் பெரிதாக இருந்தால் உயர்ந்த நிலம் என்று நினைக்க வேண்டாம். எண் ஏற ஏறத் தரமும் தீர்வையும் இறங்கும்.

கடைசியில் பரப்பு, மொத்தத் தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர், குறிப்பு ஆகியன. குறிப்புப் பத்தியை யாரும் படிப்பதில்லை. பாதை, ஓடை, கிணறு, முந்தைய ஆணைகள் என்று நிலத்தைப் பற்றிய முக்கியமான செய்திகள் சில வேளைகளில் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கின்றன.

5. பரப்பைச் சரியாக மாற்றிக்கொண்டு தீர்வையை நீங்களே கணக்கிடுங்கள்

பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும். பதிவேடு ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு ஹெக்டேர் என்பது நூறு ஏர். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். பதிவேட்டில் 0 – 32.50 என்று இருந்தால், ஹெக்டேர் எதுவுமில்லை, முப்பத்திரண்டரை ஏர் என்று பொருள். அதாவது ஏறத்தாழ 80 சென்ட். இதை 32 சென்ட் என்று படித்துவிட்டு "பாதி நிலத்தைக் காணோம்" என்று அலறியடித்து வருபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அதற்கு நேர்மாறாக, உண்மையிலேயே பரப்பு குறைந்திருப்பதைக் கவனிக்காமல் விடுபவர்களும் உண்டு. அவர்கள் பிழை கண்டுபிடிக்கப்படும்போது காலம் கடந்திருக்கும்.

கணக்கு எளிது. ஏரை நூறால் வகுத்து ஹெக்டேர் ஆக்கி, விகிதத்தால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்காக விகிதம் ஹெக்டேருக்கு ரூ.12.36 என்று வைத்துக்கொள்வோம். 0.3250 ஹெக்டேருக்கு 0.3250 × 12.36 = 4.017, அதாவது நான்கு ரூபாயும் இரண்டு பைசாவும். உங்கள் பட்டாவில் உள்ள தீர்வையோடு இது பொருந்த வேண்டும். சில பைசா வேறுபாடு முழுமையாக்குவதால் வருவது. வேறுபாடு பெரிதாக இருந்தால், உட்பிரிவு செய்தபோது பரப்பு மாறித் தீர்வை மாறாமல் நின்றிருக்கலாம். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் தீர்வை முழுப் பட்டாவுக்கும் ஒன்றாக நிற்கும். உங்கள் பாகத்துக்கு இவ்வளவு என்று நீங்கள் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் கணக்கில் அப்படிப் பிரியாது. ஒருவர் கட்டாவிட்டாலும் பட்டாவின் பேரில் நிலுவை நிற்கும். இதற்கு ஒரே தீர்வு உட்பிரிவு செய்து தனிப் பட்டா பெறுவது.

6. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பாருங்கள்

நஞ்சையின் தீர்வை புஞ்சையினுடையதைவிடக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம், அரசுப் பாசன ஆதாரத்தின் நீரும் அதில் அடங்கியிருப்பதே. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளின் நீர் தோவாளைக் கால்வாய், அனந்தனார் கால்வாய், நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு, பத்மநாபபுரம் புத்தனாறு, பட்டணங்கால் ஆகியவை வழியாகவும் குளங்கள் வழியாகவும் வயல்களுக்குப் போகிறது. எந்தக் கால்வாய் அல்லது குளம் என்பது பாசன ஆதாரப் பத்தியில் இருக்க வேண்டும்.

இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். நிலம் இருபோக நஞ்சை என்று பதிவாகியிருந்தால் இரண்டு போகத்துக்கும் உரிய தீர்வை முதலிலேயே சேர்ந்திருக்கும். இரண்டாம் போகத்துக்குத் தனியாகக் கேட்க முடியாது. ஒருபோக நஞ்சையில் அரசு நீரைக் கொண்டு இரண்டாம் போகமும் எடுத்தால் அதற்குத் தனித் தண்ணீர்த் தீர்வை உண்டு. இதைப் பசல் ஜாஸ்தி என்பார்கள். புஞ்சை நிலத்துக்குக் கால்வாயிலிருந்தோ குளத்திலிருந்தோ நீர் பாய்ச்சினால் வருவது தீர்வை ஜாஸ்தி. மின்மோட்டார் வைத்துக் கால்வாய் நீரைத் தென்னைக்கு இறைப்பதும் இந்த வகைதான்.

சொந்தப் பட்டா நிலத்தில் சொந்தச் செலவில் வெட்டிய கிணற்று நீருக்கு இந்த விதிப்பு இல்லை. ஆகவே கேட்புத் தொகையில் (உங்களிடம் கேட்கப்படும் வரியில்) ஜாஸ்தி இருந்து, நீங்கள் கிணற்று நீரையே பயன்படுத்துபவராக இருந்தால், அந்தப் பசலிக்குரிய (நிலவரி ஆண்டுக்குரிய) அடங்கலில், அதாவது ஆண்டுதோறும் எழுதப்படும் பயிர்க் கணக்கில், நீர் ஆதாரம் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். பிழை அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கால்வாயின் கடைமடையில் உள்ளவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: தண்ணீரே வந்து சேராதபோது நஞ்சைத் தீர்வை எதற்கு? கேள்வி நியாயமானது. ஆனால் வகைப்பாடு தானாக மாறாது; நீர் வரவில்லை, பயிர் இல்லை என்பது ஆண்டுதோறும் அடங்கலில் பதிவாகியிருந்தால்தான் தள்ளுபடி கோருவதற்கோ வேறு நடவடிக்கைக்கோ அடிப்படை கிடைக்கும்.

7. மேல்வரிகளையும் சலுகைகளையும் சேர்த்துப் பாருங்கள்

ரசீதில் உள்ள தொகை பட்டாவில் உள்ள தீர்வையைவிடக் கூடுதலாக இருப்பதைக் கண்டு ஐயப்பட வேண்டாம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி நிலவரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் தலவரி உண்டு. அதற்கு மேல் ஊராட்சி ஒன்றியத்துக்குரிய தலமேல்வரியும் சேரும். இவை வருவாய்த்துறையால் தண்டப்பட்டாலும் உள்ளாட்சிக்குப் போகின்றன.

அரசாணைகளால் சில வகை நிலங்களுக்கோ சில பசலிகளுக்கோ சலுகையோ தள்ளுபடியோ அளிக்கப்படுவதும் உண்டு. அப்போது பதிவேட்டுத் தீர்வையும் உண்மையான கேட்பும் வேறுபடும். எனவே அலுவலகத்தில் "எவ்வளவு?" என்று கேட்பதைவிட, இந்தப் பட்டாவுக்கு நடப்புக் கேட்பு எவ்வளவு, நிலுவை எவ்வளவு, அதில் தீர்வை, ஜாஸ்தி, மேல்வரி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். அப்படிக் கேட்பவருக்குப் பதிலும் பிரிந்தே கிடைக்கும்.

நகர எல்லைக்குள் உள்ள விளைநிலம் பற்றி ஒரு சொல். ஏறத்தாழ ஐம்பது பேரூராட்சிகள் கொண்ட மாவட்டம் இது. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆகவே வயல்கள் பலவும் உள்ளாட்சியின் நகரப் பகுதிக்குள் வந்துவிட்டன. காலிமனை வரி, வேளாண்மைக்கு மட்டுமே பயன்படும் நிலத்துக்கு உரியதன்று. அப்படி அறிவிப்பு வந்தால் அடங்கல் நகலை இணைத்து எழுத்துமூலம் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, அடங்கலிலும் பயிர் இல்லாமல், வேளாண் நிலம் என்று வாதிடுவது கடினம்.

8. அடங்கலில் பயிர் பதிவாகியிருப்பதை உறுதி செய்யுங்கள்

அ-பதிவேடு நிலையானது, அடங்கல் ஆண்டுதோறும் எழுதப்படுவது. என்ன பயிர், எந்தப் பரப்பில், எந்த நீரால் என்பது பயிராய்வின்போது அதில் ஏறுகிறது. கன்னிப்பூ நடவு முடிந்ததும் ஒருமுறை, கும்பப்பூவுக்கு ஒருமுறை கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் புல எண்ணுக்குரிய பதிவைக் காட்டச் சொல்லுங்கள். வாழையும் மரச்சீனியும் ஊடுபயிராக இருந்தால் இரண்டும் ஏற வேண்டும்.

வரித் தொகை சிறிதாயிற்றே, இந்த அக்கறை எதற்கு என்று தோன்றலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வாழையையும் ரப்பரையும் சாய்த்துவிட்டுப் போனது. அத்தகைய இழப்புக்கு நிவாரணம் கேட்கும்போது முதலில் பார்க்கப்படும் ஆவணங்களில் அடங்கல் ஒன்று. அங்கே "தரிசு" என்றிருந்தால் விழுந்த வாழை கணக்கில் வராது.

9. பசலியைக் குறிப்பிட்டுப் பணம் கட்டி ரசீது பெறுங்கள்

நிலவரியின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும் பசலி ஆண்டு. பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் அதன் எண் கிடைக்கும்: 2025 ஜூலையில் தொடங்குவது 1435-ஆம் பசலி. ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதால், ஒரு பசலிக்கு இருமுறை கட்டுவதும் ஒரு பசலி விட்டுப்போவதும் நடக்கின்றன.

ரசீதில் பட்டா எண், பட்டாதாரர் பெயர், பசலி, தொகையின் பிரிவுகள், தேதி ஆகியவற்றை அங்கேயே நின்று சரிபாருங்கள். முந்தைய உரிமையாளர் பெயரிலேயே ரசீது வந்தால் அது அலுவலரின் தவறன்று. பட்டா மாறவில்லை என்பதே பொருள். இன்னொன்றும் தெளிவாக இருக்க வேண்டும்: தீர்வை ரசீது உரிமைக்குத் துணைச் சான்றாகலாம், ஆனால் அதுவே உரிமை ஆகாது. உரிமை பத்திரத்திலிருந்து வருகிறது.

10. பிழை இருந்தால் எந்தப் பத்திக்கு எந்தக் கதவு என்று அறிந்து தட்டுங்கள்

பெயர் மாற்றத்துக்கு இ-சேவை மையம் அல்லது இணையம் வழியாகப் பட்டா மாறுதல் விண்ணப்பம். நிலத்தின் ஒரு பகுதி மட்டும் உங்களுடையது என்றால் "உட்பிரிவு உள்ளது" என்ற வகையில்தான் விண்ணப்பிக்க வேண்டும். தவறான வகையில் போட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகும், அல்லது கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்ந்து நிற்கும். பரப்பிலோ எல்லையிலோ பிழை என்றால் நில அளவருக்குப் போகும் மனு. வகைப்பாடு, தீர்வை, ஜாஸ்தி பற்றியது வட்டாட்சியருக்கு.

வட்டாட்சியரின் ஆணை ஏற்க முடியாதது என்றால் மேல்முறையீடு வருவாய் கோட்டாட்சியரிடம்: அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களுக்கு நாகர்கோவில் கோட்டம்; மற்ற நான்குக்கும் பத்மநாபபுரம் கோட்டம். அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். உரிமையே தகராறில் இருந்தால் இந்தப் படிகள் எதுவும் உதவாது; உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

பசலி முடியும் தறுவாயில், வழக்கமாக மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு வட்டத்திலும் வருவாய்த் தீர்வாயம் என்னும் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்குகள் அனைத்தும் மேசைக்கு வரும் நாள் அது. உங்கள் குறுவட்டத்துக்கு (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) உரிய தேதியைத் தெரிந்துகொண்டு அன்று மனு கொடுங்கள். மனுவில் புல எண், உட்பிரிவு, பட்டா எண், எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அதற்கு எந்த ஆவணம் சான்று என்பதை ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். குடும்ப வரலாற்றை மூன்று பக்கம் எழுதிய மனுக்களில் புல எண்ணைத் தேடவே அலுவலருக்கு நேரம் போய்விடுகிறது.

ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஆணை வந்த பின் இணையத்தில் அ-பதிவேட்டை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டாவில் திருத்தம் ஏறியும் பதிவேட்டில் ஏறாமல் இருப்பதுண்டு. இரண்டிலும் ஏறியிருந்தால், அடுத்த பசலியின் கேட்பில் புதிய தொகை வந்திருக்கிறதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே பழைய ஆவணங்களைக் கட்டி வையுங்கள்.